காரணம் எழுதும் கட்டம்

இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை.
தீயணைப்பு வண்டி வந்துபோன செலவு ஆயிரத்து நானூறு பிராங்க்,
கீழ்மாடிப் பல்வைத்தியரின் கோபம் தனி.
நிர்வாகம் என்னை அனுப்பியது,
ஏணியோடும் சோதனைக் கோலோடும்
பீல் நகரின் நிடாவ் தெருவுக்கு.

கதவில் பித்தளைத் தகடு, அதில் புள்ளியெழுத்து.
மத்தியாஸ் ஏஷ்லிமனுக்குப் பிறவியிலேயே பார்வையில்லை.
ஒசாகாவில் நாலு வருடம் ஊசியும் சூடும் படித்தாராம்.
"அங்கே பார்வையற்றோருக்கு இது பழைய தொழில்,
சங்கமெல்லாம் உண்டு.
இங்கே தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் நான்தான்."

மேசையில் மாசிப்பத்திரிப் பஞ்சு.
விரல்நுனியில் உருட்டி அரைமணி அரிசி அளவாக்கி
கட்டிலில் கிடந்த பெண்ணின் கெண்டைக்கால் ஓரம் வைத்து
ஊதுபத்தியால் தொடுகிறார்.
சுடுமுன் கிள்ளி எடுத்துவிடுகிறார்.
எப்போது எடுப்பதென்று எப்படித் தெரியும்?
"மூச்சு மாறும். உங்களுக்குக் கேட்கவில்லையா?"

எனக்குக் கேட்கவில்லை.
என் மொழியில் சூடு வைப்பதென்றால் தண்டனை,
அடுத்தமுறை செய்யாதிருக்க.
இந்தச் சூட்டுக்கு அந்தப் பெண்
அடுத்த செவ்வாய்க்கும் நேரம் கேட்டுவிட்டுப் போனாள்.

ஏறிக் கருவியைக் கழற்றினேன்.
உள்ளே நகம் அளவு ஒரு கறுப்பு அறை.
ஒரு மூலையில் ஒளி, மறு மூலையில் கண்,
ஒன்றையொன்று பார்த்துவிடாதபடி நடுவே மடிப்பு.
புகை நுழைந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும்,
அப்போதுதான் அந்தக் கண் முதன்முறையாக எதையோ காணும்.
கண்டதும் அலறும்.
ஏணியில் நின்றபடி இதைச் சொன்னேன்.
சற்று யோசித்து அவர்,
"பாவம்" என்றார்.

கடிதத்தில் இரண்டே வழி:
புகையில்லாத கரிக்குச்சி, இல்லையேல் அறையைக் காலி செய்தல்.
"குச்சியை வைத்துப் பார்த்தேன். சூடு வருகிறது.
எரிந்து முடிவதை மூக்கு சொல்வதில்லை.
எனக்கு அதுதான் இருட்டு."

சனிக்கிழமைகளில் ஐந்துபேர் படிக்க வருகிறார்கள்.
அதில் கொரின் ஜக்கார் மகப்பேற்று மனையில் மருத்துவிச்சி;
தலைமேலாய் உட்கார்ந்திருக்கும் சிசுவைத் திருப்ப
தாயின் கால் சுண்டுவிரல் நகத்தோரம் சூடு வைப்பார்களாம்.
திரும்புமா?
"சிலது திரும்பும். சிலதுக்குப் பிடிவாதம்."
ஆனால் அங்கே கூரையெங்கும் உங்கள் கண்கள் என்றார்,
நான் பெற்றுப்போட்டவை போல.

"எங்கள் தொழிலின் எதிர்காலம் பற்றி
லொசானில் கருத்தரங்கு. இரண்டு நாள், மதிய உணவோடு.
நான் போகவில்லை,
அன்றுதான் நீங்கள் வருவதாக எழுதியிருந்தது."

புகை பார்க்கும் கருவிக்குப் பதில்
வெப்பம் அறியும் கருவி பொருத்தலாம்.
அதற்கு ஒரு படிவம். படிவத்தில் காரணம்:
வாகனத் தரிப்பிடம். சலவை அறை. சமையலறை.
வேறு கட்டம் இல்லை,
'வேறு' என்ற கட்டமும் இல்லை.

பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.
அவர் ஒரு ஊசியைக் குழாயில் இட்டு
ஆட்காட்டி விரலால் தட்டிக்கொண்டிருந்தார்,
தன் முழங்கையிலேயே. டிக். டிக்.
சமையலறை என்று குறித்தேன்.
கையொப்பம்: து. மங்களேசுவரி,
தொழில்நுட்பவியலாளர், இரண்டாம் நிலை.

விதிகளை மறுபடி திருத்துவது இன்னும் ஐந்து வருடத்தில்.
அதுவரை சட்டப்படி அங்கே சமைக்கிறார்கள்.

ரயிலில் என் எதிரே இருந்தவர்
மோந்து பார்த்து இருக்கை மாறினார்.
தண்டவாளச் சரளைக்குள் இடுப்புயரம் நின்றது
அதே செடி, வெள்ளி அடியிலை,
யாரும் நட்டதில்லை.
எத்தனை முறை வெட்டியும் அதற்குப் புத்தி வரவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு தொலைபேசி.
பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்த அவசரக் குரல்:
"மகப்பேற்று மனை, ஜக்கார் பேசுகிறேன்.
உங்கள் இலக்கத்தை மத்தியாஸ் தந்தார்.
எங்கள் நாலாம் மாடியில்
ஒரு சின்னச் சமையலறை வேண்டும்."